பெல்ட் எங்க விழுதுன்னு பாருங்க

போன வருஷம் ஜோஹன்னஸ்பர்க்ல எங்க நாத்தனார் வீட்டுல ஒரு விசேஷம். டர்பன்ல இருந்து நாலு பேருக்கு ஃப்ளைட் டிக்கெட் என்ன விலைன்னு பாத்ததுமே கார்லயே போயிடலாம்னு முடிவாயிடுச்சு. விடியக்காலை 4 மணிக்கு கிளம்பினோம். என்3 ஹைவேல கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர். முன்னாடி அவரும் நானும், பின்னாடி என் மாமியாரும் பையனும், ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு நிறைய உருளைக்கிழங்கு கறி வச்சுச் சுருட்டின ரொட்டி. வழியில திங்கிற சாப்பாட்டுக்கு இந்த ஊர்ல பாட்கோஸ்னு ஆஃப்ரிகான்ஸ்ல ஒரு பேரு உண்டு, அது இல்லாம எங்க மாமியார் பீச்சுக்குக் கூட வரமாட்டாங்க.

மூய் ரிவர் டோல் தாண்டினதும் பையன் தூங்கிட்டான். வான் ரீனன்ஸ் மலைப்பாதை ஏறும்போது பயங்கர மூடுபனி, முன்னாடி லாரி பின்னாடி லாரி, அவரு ரோட்டை விட்டு கண்ணை எடுக்கல. நான் சும்மா திரும்பிப் பாத்தேன். அடிவயித்துல பகீர்னு ஆச்சு. பையன் பூஸ்டர் சீட்டுலதான் (காரோட சீட்டு மேல வச்சு பிள்ளைய உக்கார வைக்கிற சீட்டு) உக்காந்திருக்கான், பெல்ட்டும் போட்டுத்தான் இருக்கு, ஆனா உடம்பு ஒருபக்கமா சரிஞ்சு, தலை கதவுப் பக்கம் தொங்கி, தோளுல இருக்கவேண்டிய பெல்ட் கழுத்தோட ஒட்டிக்கிட்டு கெடக்கு. இடுப்புல இருக்கவேண்டியது தொப்புளுக்கு மேல ஏறி நிக்குது. எழுப்பலாம்னா மாமியார், "தூங்குற பிள்ளைய எழுப்பாதேம்மா"ங்கறாங்க. மலை மேல வண்டிய நிறுத்தவும் இடம் இல்ல. ஹாரிஸ்மித் வந்து கராஜ்ல (இங்க பெட்ரோல் பங்குக்கு கராஜ்னுதான் பேரு, எனக்கு பழக ஒரு வருஷம் ஆச்சு) நிறுத்தி அவன தூக்கினப்ப கழுத்துல செவசெவன்னு ஒரு கோடு. பெல்ட்டோட ஓரம் அழுத்தின கோடு.

அந்தக் கோட்ட பாத்ததுக்கு அப்புறம்தான் நான் இந்த பூஸ்டர் சீட்டு விஷயத்த ஒழுங்கா படிக்கவே ஆரம்பிச்சேன். அதுக்கு முன்னாடி நான் ரொம்ப பொறுப்பான அம்மான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், சட்டப்படி சீட்டு வச்சாச்சு, பெல்ட் போட்டாச்சு, வேற என்ன வேணும்னு.

நான் திருநெல்வேலிக்காரி. எங்க அப்பாவோட ஸ்கூட்டர்ல முன்னாடி ஒரு பிள்ளை நின்னுக்கிட்டு, பின்னாடி அம்மா மடியில ஒண்ணுன்னு நாலு பேரா குறுக்குத்துறை வரைக்கும் போயி குளிச்சுட்டு வந்த குடும்பம். கார் சீட்டுன்னு ஒரு சாமான் இருக்குங்கறதே இங்க கல்யாணமாகி வந்தப்புறம்தான் தெரியும். இவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வர்ற நாளுக்கே அவரு ஒரு சீட்டு வாங்கி மாட்டி வச்சிருந்தாரு. அப்புறம் உடம்பச் சுத்தி அஞ்சு இடத்துல பட்டி வர்ற சீட்டு, 18 கிலோ வரைக்கும்னு போட்டது. நாலரை வயசுல அவன் 17 கிலோதான், ஆனா தோளு அந்தப் பட்டி வர்ற மேல் ஓட்டைய தாண்டிடுச்சு. முன்பக்கம் பாத்து உக்கார்ற சீட்டுல பட்டி தோளுக்குச் சரியாவோ தோளுக்கு மேல இருந்தோ வரணும், தோளு ஓட்டைய தாண்டிட்டா எடை பாக்கி இருந்தாலும் அந்த சீட்டோட காலம் முடிஞ்சது. அந்த நேரம் பாத்து ஒரு சொந்தக்காரங்க, "எங்க பையன் வளந்துட்டான், இந்தா"ன்னு முதுகு இல்லாத ஒரு பூஸ்டர குடுத்தாங்க. பலகை மாதிரி, மேல கொஞ்சம் பஞ்சு, ரெண்டு பக்கம் கைப்பிடி. நானும் சந்தோஷமா வாங்கி வச்சுட்டேன். ஓசி சீட்டப் புடிச்சு பல்லப் பாக்கலாமா?

பாக்கணும். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

மொதல்ல ஒண்ணு. பூஸ்டர்னா பிள்ளைக்கு ஜன்னல் தெரியறதுக்காக உயரமா உக்கார வைக்கிற குஷன்னு நான் நெனச்சிருந்தேன், எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் நெனச்சிருந்தாங்க. அது இல்ல. பூஸ்டர் பிள்ளையப் பிடிச்சு வைக்கிறதே இல்ல. பிடிக்கிறது காரோட பெல்ட்டுதான். அந்த பெல்ட் பெரியவங்க உடம்புக்கு அளவெடுத்தது, அதுல ஒரு சின்ன உடம்ப கொண்டுபோய் சரியான எடத்துல நிறுத்துற வேலைய மட்டும்தான் பூஸ்டர் செய்யுது. இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரிஞ்சிடும். எந்த கம்பெனி, எவ்வளவு விலை, எத்தனை ஸ்டார் எல்லாம் அப்புறம். பெல்ட் எங்க விழுது? அதுதான் கேள்வி.

உங்க இடுப்புல ரெண்டு பக்கமும் கைய வச்சு முன்னாடி தடவிப் பாருங்க, துருத்திக்கிட்டு ஒரு எலும்பு தட்டுப்படும். இடுப்பு பெல்ட் அந்த எலும்புக்குக் கீழ, தொடை ஆரம்பிக்கிற எடத்துல படிஞ்சு இருந்தா, வண்டி மோதும்போது அந்த எலும்பு கொக்கி மாதிரி பெல்ட்ட புடிச்சுக்கும். கெட்டியான எலும்பு, தாங்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு அந்த எலும்பு இன்னும் சரியா எழும்பி இருக்காது, அது முழுசா வளர பத்து வயசுக்கு மேல ஆகும். அதனால பெல்ட் வழுக்கி மேல ஏறி வயித்துக்குப் போயிடும். வயித்துல என்ன இருக்கு, குடல், கல்லீரல், மண்ணீரல், எல்லாம் மெத்து மெத்துன்னு. பெல்ட் அங்க அழுத்திக்கிட்டு உடம்பு முன்னாடி மடங்கினா உள்ளுறுப்பு கிழியலாம், முதுகுத்தண்டே உடையலாம். டாக்டர்ங்க இதுக்கு சீட் பெல்ட் சிண்ட்ரோம்னே பேரு வச்சிருக்காங்க. கால மடக்க முடியாம சின்னப் பிள்ளைங்க கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகந்து சாய்ஞ்சு உக்காருவாங்க பாருங்க, அப்ப மோதினா உடம்பே பெல்ட்டுக்கு அடியில வழுக்கிப் போயிடும், கப்பல் தண்ணிக்குள்ள முங்குற மாதிரி. இதுக்காக பெல்ட்டே வேண்டாம்னு அர்த்தம் இல்ல, பெல்ட் இல்லாம இருந்தா இன்னும் மோசம்.

மேல் பெல்ட் கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவுல, காறை எலும்பு மேல குறுக்கா வரணும். கழுத்த உரசினா என்ன ஆகும்னு சொல்லவேண்டாம், உரசுற பெல்ட்ட எந்தப் பிள்ளையும் சும்மா விடாது. கைய மேல விட்டு பெல்ட்ட கக்கத்துக்குக் கீழ தள்ளிடும், இல்லன்னா முதுகுக்குப் பின்னாடி போட்டுக்கும். அப்ப மேல் உடம்ப பிடிக்க ஒண்ணும் இல்ல. அதனாலதான் "பாதுகாப்பு வேணுமா சொகுசு வேணுமா"ன்னு பேசறவங்களப் பாத்தா எனக்கு எரிச்சல் வருது. உறுத்துற சீட்டுல பிள்ளை நெளியும், நெளிஞ்சா பெல்ட் எடம் மாறும், அவ்வளவுதான் கதை.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடிப் பாத்தேன். தென்னாப்பிரிக்காவுல 2015ல இருந்து மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தை கண்டிப்பா அதுக்கேத்த சீட்டுல இருக்கணும். மூணுல இருந்து 14 வயசு வரைக்கும், ஒன்றரை மீட்டர் உயரம் தாண்டாத பிள்ளைன்னா, வண்டியில சீட்டு இருந்தா அதுல உக்காரணும், இல்லன்னா சாதா பெல்ட் போட்டாப் போதும். அந்த "இருந்தா"வுலதான் எல்லாம் இருக்கு. இல்லன்னு சொல்லிட்டா முடிஞ்சது. மூணாவது பொறந்தநாள் கேக் வெட்டினதும் பிள்ளைக்கு எலும்பு கெட்டியாயிடுமா என்ன? வாடகைக்கு ஓடுற மினிபஸ் டாக்ஸிக்கு அந்த மூணு வயசு விதியும் கிடையாது. சட்டத்த நம்பி உக்காந்திருந்தா நான் அந்த ஓசிப் பலகையோடவே காலம் தள்ளியிருக்கலாம், எந்தப் போலீசும் என்ன கேக்கப்போறதில்ல.

சரி, அந்தப் பலகைய திருப்பிப் பாத்தேன். அடியில ஆரஞ்சு நிற ஸ்டிக்கர். இந்த ஸ்டிக்கர் இல்லாத சீட்ட சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. ஒரு வட்டத்துக்குள்ள ஈன்னு எழுத்தும் பக்கத்துல ஒரு நம்பரும் இருக்கும், அந்த நம்பர் எந்த நாடு ஒப்புதல் குடுத்துச்சுங்கறதக் காட்டுது, 1னா ஜெர்மனி, 4னா நெதர்லாந்து. பழைய ஐரோப்பிய விதி ஆர்44, அதோட நாலாவது திருத்தம்னா ஒப்புதல் நம்பர் 04னு தொடங்கும். அந்த விதியில எல்லாம் எடைக் கணக்கு, 15ல இருந்து 25 கிலோ ஒரு குரூப், 22ல இருந்து 36 வரைக்கும் ஒரு குரூப், ரெண்டையும் சேத்து 15-36னு போட்டதும் உண்டு. புது விதி ஆர்129, ஐ-சைஸ்னு சொல்றாங்களே அதுவும் இதுல வர்றதுதான், 2013ல வந்தது, இது உயரக் கணக்கு. பக்கவாட்டுல மோதற டெஸ்ட்டும் இதுல உண்டு, பழசுல அது இல்ல. எனக்கு உயரக் கணக்குதான் புத்திசாலித்தனமா படுது, பெல்ட்டுக்குப் பிள்ளையோட எடையா தெரியப்போகுது? தோளு எங்க இருக்குங்கறதுதானே தெரியும்.

எங்க பலகையில 15-36னு போட்டிருந்துச்சு, பையன் 17 கிலோ, ஸ்டிக்கர் படி குத்தமில்ல. ஆனா இப்ப புதுசா ஒப்புதல் வாங்குற முதுகில்லாத பூஸ்டர் எல்லாம் 125 செண்டிமீட்டருக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்குத்தான். இவன் 109. ஏன்னு ஹாரிஸ்மித்லயே எனக்கு பாடம் நடந்துடுச்சே, முதுகு இல்லாத சீட்டு பெல்ட்டோட கீழ்ப்பக்கத்த மட்டும்தான் சரி பண்ணும், தோள்ல எங்க வருதுங்கறத அது கவனிக்காது, தூங்கி சரிஞ்சா தாங்கிக்கவும் ஆள் இல்ல. முதுகும் தலைக்கு ரெண்டு பக்கம் காது மாதிரி தடுப்பும் உள்ள சீட்டுல, தலைப்பகுதிக்குக் கீழ ஒரு வளையம் இருக்கும், பெல்ட்ட அதுக்குள்ள விட்டா தோளுல நடுவா வந்து நிக்கும், பிள்ளை வளர வளர தலைப்பகுதிய மேல ஏத்திக்கலாம்.

அதுவும் போக அந்தப் பலகையோட பூர்வீகம் எனக்குத் தெரியாது. குடுத்தவங்ககிட்ட தயங்கித் தயங்கி போன் பண்ணி, "இது எப்பவாச்சும் ஆக்சிடென்ட்ல இருந்துச்சா"ன்னு கேட்டேன். அவங்களே இன்னொருத்தர்கிட்ட இருந்து வாங்கினதாம். ஒரு தடவ பெரிசா மோதின சீட்ட திரும்ப பயன்படுத்தக் கூடாது, வெளிய கீறல் கூட இருக்காது, உள்ள விரிசல் விட்டிருக்கும். பிளாஸ்டிக்குக்கு வயசும் ஆகும், டர்பன் வெயில்ல கண்ணாடிய மூடி நிறுத்தின காருக்குள்ள வருஷக்கணக்கா வெந்துக்கிட்டு கெடக்குற பிளாஸ்டிக் எப்படி இருக்கும்னு யோசிங்க. தயாரிச்ச தேதி சீட்டு அடியில அச்சாயிருக்கும், எத்தனை வருஷம்னு கம்பெனி கையேட்டுல சொல்லியிருக்கும். வசதி இல்லாதவங்க பழசுதான் வாங்கணும்னா கண்ணை மூடிக்கிட்டு ஆன்லைன் விளம்பரத்துல வாங்காம, இங்க வீல் வெல்னு ஒரு தொண்டு நிறுவனம் இருக்கு, பயன்படுத்தின சீட்டுகள தானமா வாங்கி சரிபாத்து சுத்தம் பண்ணி, முடிஞ்ச காணிக்கைக்கு குடும்பங்களுக்குக் குடுக்குறாங்க. அங்க கேக்கலாம்.

இப்ப கடை கதை. மொத கடையில (பேரு வேண்டாம்) ஒரு பையன் வந்து கலர் கேட்டான். நான் பிள்ளை எடை சொல்றேன், உயரம் சொல்றேன், கார் என்னன்னு சொல்றேன், அவன் "கிரே நல்லா போகுது மேடம், அழுக்குத் தெரியாது"ங்கறான். கார்ல வச்சுப் பாக்கலாமான்னு கேட்டா பெட்டிய பிரிச்சா வாங்கணுமாம். சரிப்பான்னு வெளிய வந்துட்டேன். ரெண்டாவது கடையில ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே "பையன் எங்க? கார் எங்க?"ன்னு கேட்டாங்க. அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. காட்சிக்கு வச்சிருந்த மூணு சீட்டையும் ஒரு டிராலில போட்டு பார்க்கிங்குக்கே வந்துட்டாங்க.

மொத சீட்டு பாக்க ராஜா சிம்மாசனம். எங்க பழைய கார்ல வச்சா, காரோட பின்சீட்டு தலையணை முட்டிக்கிட்டு சீட்டு முதுகு படியவே இல்ல, நடுவுல என் கை நுழையற அளவுக்கு சந்து. சில கார்ல அந்தத் தலையணைய கழட்டிடலாம், எங்களுதுல கழட்ட முடியாது. வேண்டாம்.

ரெண்டாவது சீட்டு நல்லாப் படிஞ்சது. ஆனா தோள் பெல்ட்ட வளையத்துக்குள்ள விட்டு, பையன முன்னாடி குனியச் சொல்லி திரும்ப சாயச் சொன்னாங்க அந்தம்மா. அவன் சாய்ஞ்சுட்டான், பெல்ட் திரும்பிப் போகல, வளையத்துல மாட்டிக்கிட்டு தொளதொளன்னு நிக்குது. எங்க கார்ல மேல் பெல்ட் வர்ற எடம் கொஞ்சம் முன்னாடி தள்ளி இருக்கு, அதனால அந்த வளையத்துக்கு கோணம் ஒத்து வரல. இதே சீட்டு வேற கார்ல பிரமாதமா வேலை செய்யும்னு அவங்களே சொன்னாங்க. இத எந்த விமர்சனமும் எனக்கு சொல்லியிருக்காது. இணையத்துல அஞ்சு ஸ்டார் போட்டவங்க யாரும் எங்க கார்ல உக்காந்து பாக்கலையே.

மூணாவதுல எல்லாம் சரி, ஆனா கைப்பிடி அகலம், காரோட பக்கிள் மேலயே போயி உக்காந்துக்குது. பக்கிள் சாய்ஞ்சு மாட்டினா சில நேரம் பூட்டின மாதிரி தெரியும், பூட்டியிருக்காது. சீட்ட ஒரு ரெண்டு விரக்கடை கதவுப் பக்கம் நகத்தினதும் பக்கிள் நேரா நின்னுச்சு, க்ளிக்னு சத்தம் கேட்டுச்சு. பையனையே மாட்டச் சொன்னாங்க. ஸ்கூலுக்குப் போற வயசுல பிள்ளையே தானா மாட்டிக்கத் தெரியணும், நாம எப்பவும் பக்கத்துல இருக்கப்போறதில்லன்னாங்க. அவன் நாக்க வெளிய நீட்டிக்கிட்டு மூணு தடவ முயற்சி பண்ணி மாட்டினான். அதுதான் எங்க சீட்டு. ரெண்டாயிரத்துச் சொச்சம் ரேண்ட் ஆச்சு, மளிகைக்கு வச்சிருந்ததுல கை வச்சேன், அந்த மாசம் பருப்பும் சோறும்தான்.

ஐசோஃபிக்ஸ், அதாவது சீட்ட நேரா காரோட உடம்புலயே பூட்டுற கொக்கி, வேணுமான்னு நெறைய பேரு கேக்குறாங்க. எங்க கார்ல அந்தக் கொக்கியே கிடையாது. பூஸ்டரப் பொறுத்தவரைக்கும் இருந்தா வசதி, சீட்டு நகராம இருக்கும், பிள்ளை இல்லாதப்பவும் அது தானா நிக்கும். பிள்ளையப் பிடிக்கிறது அப்பவும் காரோட பெல்ட்டுதான். ஐசோஃபிக்ஸ் இல்லாதவங்க ஒண்ணு மறக்காதீங்க, பிள்ளை இறங்கினதும் காலி சீட்டுக்கும் பெல்ட்ட மாட்டி வைங்க. இல்லன்னா சடன் பிரேக்குல அது நம்ம பிடரிக்குப் பறந்து வரும். அந்த எவர்சில்வர் தூக்கும்தான். இப்ப அது டிக்கியில போகுது, மாமியாருக்கு அதுல கொஞ்சம் வருத்தம்.

நடு சீட்டுதான் பத்திரம்னு எங்க வீட்டுக்காரரு ஒத்தக்கால்ல நின்னாரு. எங்களுது மாதிரி பழைய கார்ல நடுவுல இடுப்புக்கு மட்டும் ஒரு பெல்ட், தோளுக்கு இல்ல. அதுல பூஸ்டர் வைக்கவே கூடாது, மேல் உடம்பு அப்படியே முன்னாடி மடங்கிடும். அதனால இடது பக்கம். இங்கயும் நம்ம ஊரு மாதிரி இடது பக்கம்தான் வண்டி ஓட்டறோம், அந்தப் பக்கம்தான் நடைபாதை, பையன் இறங்குறதுக்கும் அதுதான் நல்லது.

சொகுசுன்னு பாத்தா நான் கவனிச்சது ரொம்ப சாதாரண விஷயங்கள். முட்டி சீட்டு விளிம்புல மடங்குதா, காலு நீட்டிக்கிட்டு நிக்குதா. முதுகு சாய்ஞ்சா பின்பக்கம் முழுசா ஒட்டுதா. துணி காத்துப் போறதா இருக்கா, பிப்ரவரி மாசம் டர்பன்ல அந்த கசகசப்புல ரெக்சின் மாதிரி துணி போட்ட சீட்டுன்னா பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு வந்துடும். உறைய முழுசா கழட்டி துவைக்க முடியுதா, இது ரொம்ப முக்கியம், ஏன்னு பிள்ளை பெத்தவங்களுக்குத் தெரியும். கப் ஹோல்டர் ரெண்டு இருக்குன்னு பையன் குதிச்சான், அதுல ஒண்ணுல இப்ப கூழாங்கல்லும் பாதி கடிச்ச பிஸ்கட்டும் குடியிருக்கு. ஜோஹன்னஸ்பர்க் குளிருக்கு ஜூலை மாசம் போனீங்கன்னா தடிமனான ஜாக்கெட்ட கழட்டிட்டு பெல்ட் போட்டு, அப்புறம் ஜாக்கெட்ட போர்வை மாதிரி மேல போத்துங்க, பஞ்சு ஜாக்கெட் மேல பெல்ட் போட்டா இறுக்கமா இருக்குற மாதிரி தோணும், உள்ள காத்துதான்.

பெரிய தலைவலி சீட்டு வாங்கினதுல இல்ல, லிஃப்ட் கிளப்ல. தென்னாப்பிரிக்காவுல இருக்குறவங்களுக்கு சொல்லவேண்டியதில்ல, நாலு வீட்டுப் பிள்ளைங்கள ஒரு அம்மா காலைல ஸ்கூல்ல விடுவா, இன்னொரு அம்மா மத்தியானம் கூட்டிட்டு வருவா. என் முறை வந்தா என் சீட்டு என் கார்ல இருக்கு. மத்தவங்க முறையில? முதுகு உள்ள இந்த ஹை-பேக் சீட்ட தினம் கழட்டி மாட்ட முடியுமா? மொத வாரம் மாத்தி மாத்தி மாட்டிப் பாத்தோம், ரெண்டாவது வாரம் ஒருத்தி "ஐயோ பக்கத்துல இருக்குற ஸ்கூல்தானே"ன்னா. எனக்கு கோவம், சொல்லவும் முடியல, அவளும் நல்லவதான், என் பிள்ளைக்கு ஜுரம் வந்தப்ப மருந்து வாங்கிக் குடுத்தவ. கடைசியில என்ன பண்ணோம்னா, ஓட்டுறது ரெண்டு பேருதான்னு வச்சுக்கிட்டோம், அந்த ரெண்டு கார்லயும் சீட்ட நிரந்தரமா மாட்டிட்டோம், ஓட்டாதவங்க பெட்ரோலுக்குக் காசு குடுப்பாங்க. மூணு பிள்ளைக்கு மேல ஏத்துறதில்ல. நாலாவது வீட்டுக்காரங்க கிளப்ப விட்டு விலகிட்டாங்க, இப்ப அவங்க பிள்ளைங்க கொம்பியில (மினிபஸ்ஸுக்கு இங்க அதான் பேரு) போகுது, பதினாறு பேர் உக்கார்ற எடத்துல எத்தனை பேருன்னு நான் எண்ணிப் பாக்கறதில்ல. அதுல எனக்கு மனசாட்சி உறுத்தல் இருக்கு, இல்லன்னு சொல்லமாட்டேன்.

எங்க நாத்தனார் பையன், 11 வயசு, "நான் என்ன பேபியா"ன்னு பூஸ்டர உதறிட்டான். அவன்கிட்ட பெரியவங்க மாதிரி பேசினேன். "சரி, கார்ல ஏறி உக்காரு. முதுகு முழுசா சாய்ஞ்சிருக்கணும், முட்டி விளிம்புல மடங்கணும், கீழ் பெல்ட் தொடைகிட்ட இருக்கணும், மேல் பெல்ட் தோள் நடுவுல வரணும், இதே மாதிரி டர்பன் வரைக்கும் உக்காந்துட்டு வந்தேன்னா பூஸ்டர் வேண்டாம்"னு. முட்டி மடங்கல, பெல்ட் கழுத்துல. வயச வச்சு பேசினா சண்டை வரும், பெல்ட்ட காட்டிப் பேசினா அவனே பாத்துக்குவான். முணுமுணுத்துக்கிட்டே முதுகில்லாத பூஸ்டர எடுத்துக்கிட்டான். அவன் 138 செண்டிமீட்டர், அவனுக்கு அது சரி.

எல்லாத்தையும் விட கஷ்டம் எங்க மாமியார ஒத்துக்க வைக்கிறதுதான். அவங்க டர்பன்ல கேட்டோ மேனர்ங்கற பகுதியில பொறந்தவங்க. அறுபதுகள்ல, எந்த இனத்துக்காரங்க எங்க குடியிருக்கலாம்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்துல அங்க இருந்து எழுப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினப்ப, சாமான் ஏத்தின லாரியில பீரோவுக்கு மேல உக்காந்து வந்தாங்களாம், ஏழெட்டு வயசு, கையில கோழிக் கூண்டு. "எனக்கு என்ன ஆச்சு?"ன்னு கேப்பாங்க. புனித வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு குடும்பம் மொத்தமும் பக்கி (பின்னாடி சாமான் ஏத்துற பிக்கப் வண்டி) பின்னாடி ஏறிப் போவோம்னு சொல்லும்போது அவங்க முகத்துல ஒரு வெளிச்சம் வரும், அதப் பாத்துட்டு எனக்கு வாதாட மனசு வராது. இன்னைக்கும் பக்கியில பிள்ளைங்க போறத ரோட்டுல பாக்கலாம். காசு வாங்கிக்கிட்டு ஸ்கூல் பிள்ளைங்கள பக்கி பின்னாடி ஏத்தக் கூடாதுன்னு 2017ல விதி வந்துச்சு, சும்மா ஏத்திட்டுப் போற மாமாவுக்கு அந்த விதி பொருந்தாது.

இந்த வருஷம் புனித வெள்ளி. அவரு காலைலயே கோயில் வேலைக்கு போயிட்டாரு, நான் மாமியாரையும் பையனையும் ஏத்திக்கிட்டு கிளம்பினேன். கூழ் குண்டான் டிக்கியில. மாமியார் வழக்கம்போல பின்னாடி பேரன் பக்கத்துல. பையன் ஏறினான், தானே மாட்டினான், க்ளிக். அப்புறம் திரும்பி அவங்கள மேலயும் கீழயும் பாத்தான்.

"ஆயா, உங்க பெல்ட் கழுத்துல இருக்கு."

கண்ணாடியில பாத்தேன், உண்மைதான். மாமியார் நாலடி பத்து அங்குலம், பட்டுப்புடவை, பெல்ட் தாலிச்சங்கிலியோட சேந்து தொண்டையில வெட்டுது. இத்தனை வருஷமா அப்படித்தான் வந்திருக்காங்க போல, பெல்ட்ட கையால தள்ளிப் பிடிச்சுக்கிட்டே. நான் ஒரு நாளும் கவனிச்சதில்ல. பிள்ளைக்கு ஒரு வருஷம் ஆராய்ச்சி பண்ணேன், பக்கத்துல உக்காந்திருந்த மனுஷிய பாக்கல.

"ஆயாவுக்கும் பூஸ்டர் வாங்கணும்மா, ஒன்றரை மீட்டர் இல்ல அவங்க"ன்னான் பையன்.

மாமியாருக்கு சிரிப்பு தாங்கல. எழுபது வயசுல எனக்கு தொட்டில் கட்டறானான்னு. நான் இறங்கி அவங்கள முன் சீட்டுக்கு மாத்தினேன். முன் சீட்டுப் பக்கத் தூண்ல மேல் பெல்ட் வர்ற எடத்த ஏத்தி இறக்குற பட்டன் ஒண்ணு உண்டு, அத கடைசி வரைக்கும் கீழ இறக்கிவிட்டேன், சீட்ட கொஞ்சம் பின்னாடி தள்ளினேன், புடவை மடிப்ப நீவி கீழ் பெல்ட்ட இடுப்புல படிய வச்சேன். பெல்ட் தோள் நடுவுல வந்துச்சு. அவங்க கழுத்த இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல. நான் வண்டிய எடுத்தேன். ஹிக்கின்சன் ஹைவே ரோபோட்டுல (சிக்னலுக்கு இங்க அதான் பேரு) நின்னப்ப பக்கத்துல ஒரு பக்கி வந்து நின்னுச்சு, பின்னாடி அஞ்சாறு பிள்ளைங்க, நடுவுல மஞ்சப் புடவை கட்டின ஒரு பாட்டி, மடியில வேப்பிலை. மாமியார் கண்ணாடி வழியா ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. பச்சை விழுந்துச்சு, பக்கி முன்னாடி போயிடுச்சு.

"மெதுவா போம்மா"ன்னாங்க.